ஆடி வெள்ளியில் அறுத்த இதயம்

எலியின் இதய மேலறையை வெட்டி, இளஞ்சூடான உப்புநீரில் தொங்கவிட்டு ஆக்சிஜன் கொடுத்தால் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். அதோடு கட்டிய முள், சுழலும் உருளையில் சுற்றிய, புகைக்கரி படிந்த காகிதத்தில் ஒவ்வொரு துடிப்பையும் கீறும். எண்பத்தாறாம் வருஷம், வில்லியனூர்ச் சாலை ஆய்வுக்கூடத்தில் எனக்கு அதுதான் வேலை.

எங்கள் தலைவர் சிவப்பிரகாசம் ஒரு மருந்து செய்திருந்தார். தைராய்டு சுரப்பைப் போன்றது. ஆனால் ஈரலில் மட்டும் வேலைசெய்து ரத்தக் கொழுப்பைக் குறைக்கும், இதயத்தைத் தொடாது என்பது அவர் கணிப்பு. எலிகளுக்கு ஒரு வாரம் ஊசி போட்டோம். கடைசி ஊசி வியாழக்கிழமை. மறுநாளே அறுத்துப் பார்க்க வேண்டும்.

"நாளைக்கு மொத ஆடி வெள்ளி. உயிரை அறுக்கறதாவது! திங்கக்கெழம பாத்துக்கலாம்" என்றார்.

"அதுக்குள்ள மருந்தோட வேகம் எறங்கிடும் சார்."

"உங்க வூட்ல இதெல்லாம் பாக்க மாட்டீங்க. நாங்க பாக்கணும் இல்ல?"

என் அப்பா பெயர் இன்னாசிமுத்து. கிறிஸ்தவக் குடும்பம், அதனால் அந்தப் பேச்சு.

திங்கட்கிழமை அறுத்தோம். ஈரலில் மருந்தின் வேலை இன்னும் தெரிந்தது. இதயம் சாதுவாகத் துடித்தது. சார் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். மருந்து இதயத்தையும் தொட்டுத்தான் இருக்கிறது, இடையில் விட்ட நாட்களில் அந்த வேகம் அடங்கிவிட்டது, அவ்வளவுதான் என்று தொண்டை வறளச் சொன்னேன். காதில் போட்டுக்கொண்டால்தானே!

அடுத்து மனிதர்களுக்குக் கொடுப்பதாம். எங்கள் ஊரான பாகூர்ப் பக்கம் ஆள் திரட்டினார். முதல் ஆள் என் அப்பா. "எம்பொண்ணு வேல பாக்கற எடத்து மருந்து. இன்னா பயம்?" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். படி ஏறினாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற மனுஷன்.

வேறு எலிகளுக்கு நானே ஊசி போட ஆரம்பித்தேன். ஆடி ஐந்தாம் வெள்ளி, வீராம்பட்டினம் தேரன்று சார் வடம் பிடிக்கப் போய்விட்டார். முந்தின நாள்தான் கடைசி ஊசி; அன்றே தனியாக அறுத்தேன். மருந்து போடாத எலியின் இதயம் நிதானமாகக் கீறியது. போட்ட எலியுடையது காகிதத்தைக் கிழித்துவிடும் போல அடித்தது.

திங்கட்கிழமை காலை அப்பா சலவைச் சட்டையோடு ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சார் அவரிடம் மாத்திரையை நீட்டினார். நான் இரண்டு காகிதங்களையும் மேசையில் அறைந்தேன்.

"இன்னா ஜெயா இது?"

"மருந்து போட்ட இதயமும் போடாத இதயமும் சார். வெள்ளிக்கெழம அறுத்தேன்."

"ஆடி வெள்ளியிலயா? அறிவிருக்கா ஒனக்கு? பாவம் புடிக்காது?"

அவ்வளவு கீறலில் அவர் கண்ணுக்குக் கிழமை மட்டும்தான் பட்டது.

"எலிய அறுக்க வெள்ளிக்கெழம ஆகாது. எங்கப்பன சாவடிக்க மட்டும் திங்கக்கெழம ஆகுமா?"

மாத்திரையை சார் கையிலிருந்து பிடுங்கி, தண்ணீர் டம்ளரோடு அவர் முன்னால் வைத்தேன்.

"மொதல்ல நீங்க போடுங்க சார்."

அவர் காகிதத்தைப் பார்த்தார். மாத்திரையைப் பார்த்தார். கை நீளவில்லை.

அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து டம்ளரை எடுத்தார். தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, "வாம்மா, வூட்டுக்குப் போலாம்" என்றார்.