பத்தாயிரம் பேருக்கு நன்றி

அரங்க மேலாளர் எங்கள் பாட்டைக் கேட்கவே இல்லை. என் தங்கை தொண்டையைச் செருமுவதற்குள், "உங்க பேஜ்ல எத்தனை பேரு?" என்றார். நானூறு சொச்சம் என்றோம்.

"பத்தாயிரத்துக்குக் கீழ இருக்கிற குழுவ நான் மேடை ஏத்துறதில்ல. வெள்ளிக்கிழமை காலியாத்தான் இருக்கு. ஏத்திட்டு வாங்க, பேசலாம்" என்று சொல்லிவிட்டு, நாங்கள் எழுந்திருக்கும் முன்பே வேறு யாருடனோ போனில் பேசத் தொடங்கிவிட்டார்.

நாங்கள் நாலு பேர். பாடுகிறவள் என் தங்கை. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில், ஆவி பறக்கும் இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் நாள் முழுக்க நிற்பவள். கிடார் அவள் கணவர். சுவருக்கு வர்ணம் அடிப்பவர். கீபோர்டு வாசிப்பவருக்கு ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்துவது தொழில் என்பதால் கண்ணாடி அண்ணன் என்றே ஆகிவிட்டார். டிரம்ஸ் நான். பகலில் கிடங்கில் மூட்டை இறக்குகிறேன்.

சலவைக்கூடத்தில் அடுத்த மாதத்திலிருந்து தங்கையை இரவு வேலைக்குப் போட்டிருந்தார்கள். வரமாட்டேன் என்றால் பகலில் பாதி நேரம், பாதிச் சம்பளம். வெள்ளிதோறும் அந்த மேடை கிடைத்தால் அந்தப் பாதியை எப்படியாவது ஈடு கட்டிவிடலாம் என்பது அவள் கணக்கு. இரவெல்லாம் அந்தப் புழுக்கத்தில் நின்றுவிட்டு வந்தால் குரல் என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வர்ண டப்பாக்கள் அடுக்கிய அறையில்தான் எங்கள் ஒத்திகை. அன்றைக்கு யாரும் வாத்தியத்தைத் தொடவில்லை.

"வாங்கிடலாம் மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

"எதை?"

"ஃபாலோயர்ஸத்தான். மூட்டை மூட்டையா விக்கிறாங்க. நீங்க முதுகு வளைக்கக்கூட வேண்டாம், அதுவா வந்து இறங்கிடும்."

கண்ணாடி அண்ணன் மெதுவாகக் கேட்டார். "அவங்க பாட்டு கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க."

"கையாவது தட்டுவாங்களா?"

"அண்ணே, அவங்களுக்குக் கையே கிடையாது."

"அப்புறம் எதுக்குடா அவங்க?"

"மேனேஜர் எண்ணிப் பாக்கறதுக்கு!"

அண்ணன் சிரிக்கவில்லை. "கண்ணாடி போடாம வெறும் சட்டத்த மட்டும் ஜன்னல்ல மாட்டிட்டு வந்தேன்னு வை. தெருவுல நின்னு பாக்கறவனுக்கு வித்தியாசம் தெரியாது. உள்ள படுத்திருக்கிறவனுக்குத் தெரியும். ஒரு மழை போதும்."

"நான் சுவத்துக்கு முதல்ல பிரைமர் அடிக்கிறேன். அதை எவனாவது பாக்கறானா? ஆனா அது இல்லாம மேல எந்த வர்ணமும் புடிக்காது. இதுவும் அப்படித்தான்ணே. கூட்டம் இருக்கிற இடத்துக்குத்தான் கூட்டம் வரும்."

இரண்டு பேர் பேச்சும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. அதுதான் எனக்குப் பெரிய தொல்லை. எல்லோரும் தங்கையைப் பார்த்தோம். அவள் உள்ளங்கையில் இருந்த சூட்டுக் காயத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"வாங்குங்க" என்றாள். "எனக்கு ராத்திரி வேலை வேண்டாம்."

வாங்கினோம். மறுநாள் காலையிலேயே பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. மாப்பிள்ளை போனை ஏந்திக்கொண்டு, பிறந்த பிள்ளையைக் காட்டுவது போல ஒவ்வொருவரிடமும் காட்டினார்.

எங்கள் பேஜுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒருவர் சேர்ந்தால் அவர் பெயரைச் சொல்லி நன்றி எழுதி, எங்கேயிருந்து கேட்கிறீர்கள் என்று விசாரிப்போம். அது என் பொறுப்பு. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் என்றாலும் அந்த வேலை எனக்குப் பிடிக்கும். ஒரு பஸ் டிரைவர், கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எங்கள் பாட்டைக் கேட்பதாக எழுதியிருந்தார். ஒரு நர்ஸ் அம்மா, டிரம்ஸ் பாட்டை அமுக்குகிறது என்று என்னைத் திட்டியே எழுதுவார். அவர் சொன்ன பிறகுதான் நான் கையைக் குறைத்தேன்.

புதிதாக வந்தவர்கள் மனிதர்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் என் மண்டையில் ஒன்று உறைத்தது. பழையவர்கள் பேஜைப் பார்ப்பார்கள். திடீரென்று இத்தனை பேர் வந்தும் ஒருவருக்குக்கூட நன்றி எழுதவில்லையே என்று நினைப்பார்கள். வாங்கியது தெரியக்கூடாது என்றால் வழக்கத்தை விடக்கூடாது. கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். நன்றி, எங்கேயிருந்து கேட்கிறீர்கள்? நன்றி, எங்கேயிருந்து கேட்கிறீர்கள்? விரல் மரத்துப் போகும்வரை எழுதினேன். ஒரு ஆளும் வாய் திறக்கவில்லை.

பிறகு திரையில் ஒரு பெட்டி வந்தது. நீங்கள் இயந்திரம் போல நடந்துகொள்கிறீர்கள், மனிதர்தான் என்று நிரூபியுங்கள் என்றது. படிக்கட்டு இருக்கும் படங்களைத் தொடச் சொன்னது. தொட்டேன். அதற்கும் திருப்தி இல்லை. பேஜைப் பூட்டிவிட்டது. எண்ணிக்கை தெரியும், பழைய பாட்டுகள் கேட்கும். ஆனால் எங்களால் புதிதாக ஒரு எழுத்துகூடப் போட முடியாது.

மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். "மச்சான், பொம்மைக்கெல்லாமா நன்றி சொல்லுவாங்க?"

"வழக்கம் மாப்ள."

"நல்ல வழக்கம்! பத்தாயிரம் மெஷினையும் மனுஷன்னு விட்டுட்டான். இருந்த ஒரே மனுஷனப் புடிச்சு மெஷின்னுட்டான்!"

தங்கைதான் முதலில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேலாளருக்கு இதெல்லாம் தெரியாது. எண்ணிக்கையைப் பார்த்தார், வெள்ளிக்கிழமையைக் கொடுத்தார். வாசலில் வசூலாகும் டிக்கெட் பணத்தில் எங்களுக்கு ஒரு பங்கு என்றார். மேடை கிடைத்துவிட்டது, அதை அந்த நானூறு பேருக்குச் சொல்லத்தான் வழியில்லை. தெரிந்தவர்களுக்கு வாய்வார்த்தையாகச் சொன்னோம். சலவைக்கூடத்தில் பாதிப் பேருக்கு அன்றைக்கு வேலை இருந்தது.

வெள்ளிக்கிழமை விளக்கெல்லாம் போட்ட பிறகு பார்த்தால், நாற்காலிதான் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்து வாசிக்க இருந்த குழுவின் நண்பர்கள் சிலர், கூட்டுகிற அம்மா, மழைக்கு ஒதுங்கியது போல ஒரு கணவன் மனைவி. தங்கை கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். அவள் எப்போதும் கண்ணைத் திறந்துதான் பாடுவாள். எதிரில் இருப்பவர் முகத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவளுக்கு மேல்ஸ்தாயியே வரும்.

முடிந்ததும் மேலாளர் போனும் கையுமாக வந்தார். "பிரமாதம். பத்தாயிரத்து நானூறு இன்னும் அப்படியே நிக்குது. அடுத்த வெள்ளியும் நீங்கதான்."

"சார், உள்ள பாத்தீங்களா?" என்றாள் தங்கை.

"பாத்தேனே. அதெல்லாம் போகப் போக வருவாங்கம்மா. நம்ம ஹால் பேஜுக்கே அம்பதாயிரம் பேர் இருக்காங்க தெரியுமா?"

"அதுல யாரு சார் இன்னைக்கு வந்தது?"

அவர் ஏதோ நகைச்சுவையைக் கேட்டது போலச் சிரித்துவிட்டு, மறுபடியும் போனைப் பார்த்தார்.

வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். "ரெண்டு மூணு வாரம் விட்டுப் பாக்கலாம். பேஜ் திறந்ததும் கூட்டம் சேரும்" என்றார் மாப்பிள்ளை. குரலில் பழைய தெம்பு இல்லை.

"சலவைக்கூடத்துல சூப்பர்வைசர் திங்கக்கிழமைக்குள்ள பதில் கேட்டிருக்காங்க" என்றாள் அவள். "அந்த மனுஷன் காலி நாற்காலிய ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டு, போனைத்தான் நம்புறாரு. நாளைக்கு நம்பர் குறைஞ்சா, ஹால் நிறைஞ்சிருந்தாலும் நம்மள வெளிய அனுப்புவாரு. அவர நம்பி நான் பாதிச் சம்பளத்துக்குப் போக முடியாதுங்க."

"நான் மட்டும் எழுதாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"விடுண்ணா. நீ பேஜ்ல சொல்லியிருந்தாலும் ஒரு முப்பது பேர் வந்திருப்பாங்க. முப்பது டிக்கெட்டுல என் வீடு ஓடாது." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாள். "ஆனா முப்பது மூஞ்சி தெரிஞ்சிருக்கும்."

கண்ணாடி அண்ணன் 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாப்பிள்ளைக்காவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை அவள் இரவு வேலைக்குச் சம்மதித்துவிட்டாள். அரங்கத்துக்கு நாங்கள் மறுபடி போகவில்லை. ஒத்திகையை மாலைக்கு மாற்றிக்கொண்டோம், அவள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பு.

இரவு வேலை தொடங்கிய பின் வந்த முதல் மாலை அவள் கண்கள் வீங்கியிருந்தன. எடுத்த எடுப்பிலேயே மேல்ஸ்தாயியில் குரல் உடைந்தது. மறுபடி முயன்றாள். மறுபடியும் உடைந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடி அண்ணன் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தி, சுருதியை ஒரு கட்டை இறக்கி வைத்தார். மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடியே கிடாரின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்த ஆரம்பித்தார். அவர் முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.