அஞ்சம்மாளின் வாய்ப்பூட்டு

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்த சக்கரபாணிக்கு ஒரே மகள், அஞ்சம்மாள். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி வேர்க்கடலை அள்ளி உடைத்துப் பார்த்தாரானால், வந்த சரக்கு முழுவதும் எத்தனை தேறும் என்று சொல்லிவிடுகிற மனிதர் அவர். அதே கண்ணோடு ஊரார் தன் மகளைப் பார்த்தபோது மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை.

அஞ்சம்மாளுக்கு மேல்வரிசைப் பற்கள் முன்னால் தள்ளியிருந்தன. உதடு இரண்டும் ஒன்றையொன்று தொட்டதே கிடையாது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தேங்காய்த்துருவி என்று பேர். சிரிப்பு வந்தால் முதலில் கை வாய்க்குப் போகும், அப்புறம்தான் சிரிப்பு.

விக்கிரவாண்டியிலிருந்து லட்சுமியம்மாள் தன் மகன் அப்பாதுரைக்குப் பெண் பார்க்க வந்தாள். கேசரியை வழித்துத் தின்று, பஜ்ஜியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்று, கை கழுவும்போது சொன்னாள்: "பொண்ணு நல்லாத்தான் இருக்குது. பல்லுதான் முன்னால வந்து வாங்கன்னு கூப்புடுது." தின்ற வாய்க்குக் கொஞ்சமாவது நன்றி வேண்டாமா? அப்பாதுரை தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அம்மா எந்தப் பக்கம் தலையாட்டினாளோ அந்தப் பக்கம் அவனும் ஆட்டிவிட்டுப் போனான்.

அஞ்சம்மாள் அழவில்லை. கண்ணாடி முன்னால் நின்று உதட்டை இழுத்து மூடிப் பார்த்தாள். மூடவில்லை. ஒரு நாளாவது கையால் மறைக்காமல் வாய்விட்டுச் சிரித்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். கல்யாணம் அப்பாவுக்கு வேண்டியது.

விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சவுரிராயன் என்ற பல் டாக்டர் இருந்தார். மெட்ராசில் படித்தவர். கோணல் பல்லை நேராக்குகிறாராம் என்று கேள்விப்பட்டு சக்கரபாணி மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

"தை மாசத்துக்குள்ள நேராயிடுங்களா டாக்டர்?"

"எந்தத் தை?" என்றார் டாக்டர்.

வருஷக்கணக்கில் ஆகும், முதலில் இரண்டு பல்லை எடுக்க வேண்டும் என்றதும் சக்கரபாணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நேராக்கச் சொன்னா புடுங்குறேன்றீங்களே!"

"பஸ்ஸுல உக்காந்திருக்கிறவன் எறங்கினாத்தாங்க நிக்கிறவனுக்கு எடம் கெடைக்கும்."

இந்த ஆளிடம் பேசிப் புண்ணியமில்லை என்று டாக்டருக்கு விளங்கிவிட்டது. அஞ்சம்மாளிடம் திரும்பினார். "கேட்டுக்கோம்மா. மேலண்ணத்துல ஒட்டுறாப்ல ஒரு தகடு செஞ்சு தருவேன். அதுலேருந்து ஒரு கம்பி முன்பல்ல அணைச்சிக்கினு போவும். சாப்பிடும்போது, கழுவும்போது தவிர அது வாயிலயே இருக்கணும். மொதல்ல வலிக்கும், பேச்சு குழறும். வலிக்குதேன்னு கழட்டி அலமாரில வெச்சா, அலமாரிதான் நேராவும். மாசாமாசம் வரணும். கம்பிய நான்தான் முறுக்குவேன், உங்கப்பா முறுக்கக் கூடாது. மல்லாட்ட உருண்டைய மறந்துடு. பல்லு நேரானதுக்கு அப்புறமும் கொஞ்ச காலம் படுக்கும்போது போட்டுக்கணும். அரைகுறையா விட்டியானா, கோவிச்சுக்கினு தாய்வீட்டுக்கு ஓடுற பொண்ணாட்டம் பல்லு பழைய எடத்துக்கே போயிடும்."

அஞ்சம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். சக்கரபாணி காதில் விழுந்தது ஒன்றுதான்: மல்லாட்டை உருண்டை ஆகாது. அது அவருக்குத் தொழில் ரீதியாகவே அவமானமாக இருந்தது.

பல் எடுத்த புண் ஆறி, தகட்டோடு திண்டிவனத்தில் ரயிலை விட்டு இறங்கிய அன்றைக்கே பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் எதிர்ப்பட்டாள். ஊர்ச்செய்தியை உடனுக்குடன் பட்டுவாடா செய்யாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"என்னாடி அது, வாயில கம்பி?"

சக்கரபாணியின் வியாபார மூளை அங்கேதான் வேலை செய்தது. ரிப்பேர் ஆன வண்டி பாதி விலைக்குத்தான் போகும்; ரிப்பேர் என்று ஊருக்குத் தெரியவே கூடாது. "மயிலம் முருகனுக்கு வேண்டுதல்மா" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். "வாய்ப்பூட்டு."

உதட்டில் வேல் குத்திக்கொண்டு பேசாமல் மலையேறுகிற வேண்டுதல் அது. "அது ஒரு நாளுதானே? குத்தின காயத்தையே காணுமே?" என்றாள் வெள்ளையம்மாள்.

"இது பெரிய வேண்டுதல். பல்லு மேலயே பூட்டிக்கிற தினுசு."

வெள்ளையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் தெருவே போட்டுக்கொண்டது.

மாட்டிக்கொண்டவள் அஞ்சம்மாள். வாய்ப்பூட்டுக்காரி பேசக் கூடாதே! வீட்டை விட்டு வெளியே வந்தால் ஊமைதான். திருநீறு பூசிவிடச் சொல்லிப் பெண்கள் வந்தார்கள். மாரியப்பன் என்று ஒருவர், தொலைந்த எருமை கிழக்கே போனதா மேற்கே போனதா என்று கேட்டு வந்து நின்றார். அந்த நேரம் பார்த்துக் கம்பி உள்கன்னத்தில் குத்த, அவள் வலக்கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் வலப்பக்கமாக ஓடினார். பாழாய்ப்போன எருமை அங்கேயே நின்றது! அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? அவள் கொட்டாவி விட்டாலும் அதற்கு அர்த்தம் கண்டுபிடிக்க ஆள் இருந்தது.

சக்கரபாணிக்கு வாயெல்லாம் பல். மண்டியில் யாரும் அவரிடம் விலைக்கு மல்லுக்கு நிற்பதில்லை. சாமி வீட்டு மனுஷன் ஆயிற்றே! மாதாமாதம் மகளோடு ரயிலேறுவார். மயிலத்துக்கு என்று ஊருக்குப் பேச்சு. மயிலம் ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது ஜன்னல் வழியாக மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு விழுப்புரம் போய் இறங்குவார்.

வலியெல்லாம் அஞ்சம்மாளுக்கு. கம்பியை முறுக்கிவிட்டு வந்தால் கேப்பைக்கூழ் தவிர எதுவும் இறங்காது. பொறுத்துக்கொண்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும்; ஒரு நாள் கண்ணாடியில் பார்த்தாள். உதடுகள் இலேசாகத் தொட்டுக்கொண்டு நின்றன. விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "பாதிக் கெணறு தாண்டியாச்சு," என்றார் டாக்டர், அந்த மாதம் போனபோது. "இப்ப விட்டியானா எல்லாம் பாழு."

அந்தச் சமயத்தில்தான் லட்சுமியம்மாள் திரும்பி வந்தாள். இந்தத் தடவை பஜ்ஜியைத் தொடவில்லை. தெய்வ கடாட்சம் உள்ள வீட்டில் பக்தியாக இருக்க வேண்டுமாம். "பங்குனி உத்திரத்தன்னிக்கு மலையில வேண்டுதல முடிச்சுடுங்க. பூட்ட உண்டியல்ல போட்டதும் அங்கேயே தட்டு மாத்திக்கலாம்" என்றாள். சக்கரபாணி சரி என்று சொல்லிவிட்டார்.

அவள் போனதும் அஞ்சம்மாள் பிடித்துக்கொண்டாள். "உண்டியல்ல போட்டா திரும்ப எடுக்க முடியுமாப்பா? அது சாமி சொத்து. டாக்டரு சொன்னத நீ கேட்கலியா? பல்லு பழையபடி ஓடிடும்ப்பா!"

"ஓடினா ஓடட்டும். தாலி ஏறினப்புறம் ஓடட்டும். அப்ப யாரு கேக்கப்போறா?"

அஞ்சம்மாள் அப்பாவையே பார்த்தாள். சரக்கு கைமாறும் வரை மூட்டை பிரியாமல் இருந்தால் போதும் அவருக்கு. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

பங்குனி உத்திரத்தன்று மயிலம் மலையில் எள் போட்டால் விழாது. காவடியும் கொட்டும் தூள் பறந்தது. திண்டிவனத்திலிருந்து வெள்ளையம்மாள், மாரியப்பன் என்று ஒரு கூட்டமே வந்திருந்தது. லட்சுமியம்மாள் தாம்பாளத்தோடு தயாராக நின்றாள். அப்பாதுரை பட்டுச் சட்டைக்குள் வேர்த்துக்கொண்டு நின்றான்.

"கழட்டும்மா" என்றார் சக்கரபாணி, உண்டியலைக் காட்டி.

அஞ்சம்மாள் தகட்டைக் கழற்றினாள். கூட்டம் அரோகரா போட்டது. உள்ளங்கையில் அது எத்தனை சின்னதாக இருந்தது! ஜலம் வாங்கி அலம்பினாள். உண்டியல் வாய்க்கு நேராகக் கொண்டுபோனாள். சடக்கென்று தன் வாய்க்குள் போட்டுக்கொண்டாள்.

"இது வேண்டுதல் இல்ல" என்றாள். ஊர் அவள் குரலைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது, கொட்டடித்தவன்கூட நிறுத்திவிட்டான். "என் பல்லு நேராவுறதுக்கு விழுப்புரத்து டாக்டரு போட்ட கம்பி. இன்னும் வேல முடியல. முடியாம கழட்டமாட்டேன்." சந்நிதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "முருகா, கோவிச்சுக்காத. ஒனக்கு வேலு இருக்குது. எனக்கு இதுதான் இருக்குது."

பின்னால் நின்ற யாரோ ஒருவர், விவரம் தெரியாமல், தனியாக ஒரு அரோகரா போட்டார்.

"அப்ப என் எருமை?" என்றார் மாரியப்பன்.

லட்சுமியம்மாள் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டாள். "ரிப்பேரு பொண்ண சாமி பொண்ணுன்னு தலையில கட்டப் பாத்தீங்களே, நீங்கல்லாம் மனுஷங்களா!" என்று மலை அதிரக் கத்திவிட்டு இறங்கினாள். அப்பாதுரை தலையாட்டிக்கொண்டே பின்னால் போனான்.

சக்கரபாணி அடிவாரத்தில் சோடாக்கடை பெஞ்சில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்க அஞ்சம்மாளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காகச் சொன்னதைத் திரும்ப விழுங்கிவிட முடியுமா? பக்கத்தில் போய் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு உருவம் ஒதுங்கி வந்தது. லட்சுமியம்மாள்தான். கூட யாரும் இல்லை. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, குரலை இறக்கி, "ஏம்மா, அந்த டாக்டரு வெலாசம் இருக்குதா?" என்றாள். "எங்க வீட்டுச் சின்னப் பொண்ணுக்கும் ஒன்ன மாதிரியே பல்லு. வெளிய காட்டாம வளத்துக்கினு வர்றேன். யாருகிட்டயும் மூச்சு வுட்டுடாத, கண்ணு. கம்பி போட்டா, திருவக்கரை அம்மனுக்கு வேண்டுதல்னு சொல்லிக்கிறோம்."

அஞ்சம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சோடாக்கடைக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். வெயிலில் கம்பி பளபளத்தது. அவள் கை வாய்க்குப் போகவில்லை.

"வெலாசம் தர்றேன் அத்தை," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "உண்டியல்ல மட்டும் போட்டுடாதீங்க."

சக்கரபாணி துண்டை விலக்கி மகளைப் பார்த்தார். அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததே இல்லை.