பீரோவில் இருந்த அட்டை

சலூன்காரர் கன்னத்தில் கத்தி வைத்தால் இறகு பட்ட மாதிரி இருக்கும். "இந்த வயசுலயும் கை என்னமா நிக்குது!" என்று வாடிக்கையாக வரும் வாத்தியார் வியப்பார். சலூன்காரர் தொப்பியைச் சரிசெய்தபடி சிரித்து மழுப்புவார்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. மூளைக்குள் மெல்லிய கம்பிகளையும், மார்புத் தோலுக்கடியில் சின்னக் கருவி ஒன்றையும் வைத்து நடுக்கத்தை நிறுத்தினார்கள். உடம்பில் கருவி இருப்பதைக் குறித்த ஓர் அட்டையை, எப்போதும் கூடவே வைத்திருக்கச் சொல்லி டாக்டர் கொடுத்தார். மனைவி அதைப் பீரோவில் துணிகளுக்கடியில் ஒளித்துவிட்டாள்.

"மண்டையில கம்பி வச்ச ஆளுகிட்ட எவன் கழுத்த நீட்டுவான்? மூச்சு விடாதீங்க."

நாளெல்லாம் கையைத் தூக்கியே நின்றதில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. மனைவியோடு பிசியோதெரபிக்குப் போனார். பக்கத்து நாற்காலியில் முழங்கால் வலியோடு அதே வாத்தியார்!

"இது ரேடியோ அலையில சூடு குடுக்கற மெஷின். உடம்புக்குள்ள கருவி, கம்பி ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டாள் சிகிச்சை தரும் பெண்.

"அவருக்கா? அவர்கிட்ட இருக்கற ஒரே இரும்பு கத்தரிக்கோல்தாம்மா!" என்றார் வாத்தியார். எல்லோரும் சிரித்தார்கள்.

சலூன்காரர் மனைவியைப் பார்த்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றாள் அவள்.

மெஷின் ஓடியது. "சுகமா இருக்குடி" என்றார் அவர். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. தோளுக்குக் கொடுத்த அலைகளைக் கம்பிகள் வாங்கிக்கொண்டன. அவற்றின் நுனி சூடேறி மூளையைச் சுட்டுவிட்டது.

மூன்று மாதம் கழித்து வாத்தியார் வீட்டுக்கு வந்தபோது, அசைவில்லாமல் சாய்ந்திருந்த கணவனுக்கு அவள் சவரம் செய்துகொண்டிருந்தாள். இப்போது அவள் கைதான் நடுங்கியது. தாடையில் இரண்டு இடத்தில் ரத்தம். அட்டை அவர் கழுத்தில் தொங்கியது.

"சார், ஒண்ணு கேக்கறேன். விஷயம் தெரிஞ்சிருந்தா, இவர்கிட்ட ஷேவிங்குக்கு வந்திருப்பீங்களா?"

"கண்டிப்பா வந்திருப்பேன்மா. நான் அந்தக் கையை நம்பித்தானே வந்தேன்?"

கத்தி அவள் கையிலிருந்து நழுவியது.

"வியாதி வர்றது வெட்கமில்ல சார். ஊருக்குச் சொல்லாட்டிப் போகுது, வைத்தியம் பாக்கற இடத்துல மறைக்கவே கூடாது. நாலு பேரு என்ன நினைப்பாங்களோன்னு பயந்து, என் புருஷனை நானே ஊமையாக்கிட்டேன்."