அழைப்பில்லாமல் ஆடியவர்கள்

காணாமல்போய்ப் பதினொரு வருடம் ஆன தன் தம்பி, முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் திருமண வரவேற்பில் நான்கு நிமிடம் ஆடியதை, ஊர்க் கல்யாணங்களைப் படம்பிடிக்கும் வீடியோ அக்கா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எடிட் செய்ய உட்கார்ந்தபோது பார்த்தாள். மண்டபத்தில் அவன் இல்லை என்பது அவளுக்கு நிச்சயம். ஆடும் தளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தவளே அவள்தான். அப்போது அந்த இடத்தில் வெறும் தரையும் வண்ண விளக்கும்தான் தெரிந்தன. இப்போது கணினியில் ஓடவிட்டால், மணமகனின் அலுவலக நண்பர்களுக்கு நடுவே, அவனைப் பிடித்துக்கொண்டு போன அன்று போட்டிருந்த அதே நீலக் கட்டம்போட்ட சட்டையில், எல்லோரையும்விட அரைத் தாளம் பின்தங்கி ஆடிக்கொண்டிருந்தான். சின்ன வயதிலிருந்தே தாளத்துக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம்.

அன்று அவனைக் கேமராவுக்குப் பேட்டரி வாங்க அனுப்பியதும் அவள்தான். சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். "நாலு கேள்வி கேட்டுட்டு அனுப்பிடுவோம்" என்று சொல்லி ஜீப்பில் ஏற்றியதை எதிர்க்கடைத் தையற்காரர் கேட்டிருக்கிறார். அந்த நாலு கேள்வி இன்னும் முடியவில்லை. அந்த வருடம் ஊரிலிருந்து அப்படிப் போனவர்கள் முப்பத்தேழு பேர்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தடவை பார்த்தாள். அழவில்லை. "இளைச்சுட்டான்" என்றாள். "பட்டன் ரெண்டு போயிருக்கு பாரு. ஒருத்தரும் தைச்சுக் குடுக்கலை."

அதன்பிறகு அவள் படம் எடுத்த எல்லா வரவேற்பிலும் அவன் வந்தான். மேடையில் வரமாட்டான், பந்தியில் வரமாட்டான். ஆடும் தளத்தில் மட்டும்தான். ஒரு காட்சியில் வெட்டினால் அடுத்ததில் நின்றான். மணப்பெண்ணின் அப்பா ஒருவர், "யாரும்மா இது? நாங்க கூப்பிடவே இல்லையே?" என்று கேட்டார். "என் தம்பிங்க" என்றாள். எந்தத் தம்பி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் தொண்டையைச் செருமிவிட்டு, வீடியோ வெளிச்சமாக வந்திருக்கிறது என்றார். மூன்றாம் மாதம் மருந்துக்கடைக்காரியின் கணவன் வந்தான். பிறகு இரண்டு லாரி ஓட்டுநர்கள், ஒரு கணக்கு வாத்தியார். வருட முடிவில் முப்பத்தேழு பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் வேலை முடிந்ததும் வீடியோ அக்காவின் அறையில் பாய் விரித்து உட்கார்ந்து, அடுத்தவர் வீட்டு விசேஷத்தைக் கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

சாட்சி கிடைத்துவிட்டது என்று நினைத்து அவள் வீடியோவை எடுத்துக்கொண்டு காணாமல்போனோர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த எழுத்தர் டீ குடித்தபடி முழுவதும் பார்த்தார்.

"ஆடுறாரே?"

"ஆமா சார்."

"கை கால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு? அப்புறம் என்னம்மா?"

கோப்பின் மேல் 'கிடைத்தார்' என்று முத்திரை குத்தினார். இரண்டு வாரத்தில் முப்பத்தேழு வீட்டுக்கும் கடிதம் போயிற்று: தேடுதல் நிறைவுற்றது. மருந்துக்கடைக்காரி கடிதத்தோடு வந்து வாசலிலேயே நின்றாள். "பன்னெண்டு வருஷமா அந்த ஆபீஸ் படியில செருப்பு தேய நடந்தேன். நீ ஒரே நாள்ல என் புருஷனை மூடிட்டு வந்துட்டே" என்றாள். வீடியோ அக்கா நாற்பது நாள் கேமராவைத் தொடவில்லை.

அம்மாதான் பையை எடுத்து அவள் தோளில் மாட்டினாள். "நீ எடுக்கலைன்னா நான் எங்கே போய் அவனைப் பார்ப்பேன்?"

அடுத்த வரவேற்பை எடுத்துவந்து, இந்தத் தடவை ஆடும் கால்களை விட்டுவிட்டு முகங்களைப் பார்த்தாள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மணிக்கட்டில் எல்லோருக்கும் வளையம்போல் கறுத்திருந்தது. பாட்டு முடியும் நேரம் நெருங்க நெருங்க முப்பத்தேழு பேரும் ஒலிபெருக்கியைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லார் உதடும் ஒன்றுபோல அசைந்தது. காது கேளாதோர் பள்ளி ஆசிரியை ஒருத்தியை அழைத்துவந்து காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு உதட்டைப் படிக்கத் தெரியும்.

"பாட்டை நிறுத்தாதீங்கன்னு சொல்றாங்க" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "பாட்டு ஓடற வரைக்கும் அடிக்க மாட்டாங்களாம்" என்றாள்.

பாயில் உட்கார்ந்திருந்த பெண்களில் மருந்துக்கடைக்காரிதான் முதலில் எழுந்தாள். செருப்பைக்கூடப் போடாமல் நேரே மண்டபத்தில் பாட்டுப் போடுகிறவன் வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து அவன் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே மூச்சுவிடும் இடைவெளிகூட விட்டதில்லை. கல்யாண வீட்டார் முணுமுணுத்தார்கள். கால் வலிக்கிறது, போதும் என்று யாராவது சொன்னால், அழைப்பில்லாமல் வந்து மூலையில் உட்கார்ந்திருக்கும் அம்மா எழுந்துபோய், "இன்னும் ஒரு பாட்டு, கண்ணு. ஒண்ணே ஒண்ணு" என்பாள். அவள் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

ஆனாலும் எண்ணிக்கை குறைந்தது. முப்பத்தேழு முப்பத்தொன்றானது, பிறகு இருபத்தாறு. ஒருவர் மூன்று வரவேற்புகளில் தொடர்ந்து வராவிட்டால் அந்த வீட்டில் துக்கம் விசாரிக்க ஆள் போயிற்று. கணக்கு வாத்தியார் போனார். ஐந்தாம் வருடம், பல் மருத்துவரின் மகள் வரவேற்பில், தம்பி வரவில்லை. அடுத்ததிலும் இல்லை. மூன்றாவதை வீடியோ அக்கா ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்தி ஒரு பகல் முழுக்கத் தேடினாள். நீலச் சட்டை எங்கேயும் இல்லை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கடைசிப் படமும் முடிந்ததும் எழுந்துபோய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள்.

"அடுத்தது என்னிக்கு?"

"சனிக்கிழமை. நான் வரலைன்னு சொல்லிட்டேம்மா."

"வர்றேன்னு சொல்லு. மருந்துக்கடைக்காரி புருஷன் இருக்கான்ல."

சனிக்கிழமை இருவரும் போனார்கள். இவள் எடுத்தாள். அம்மா பாட்டுப் போடுகிறவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது அந்த ஊரில் கட்டும் மண்டபங்களில் ஆடும் தளத்தை வழக்கத்தைவிட நாலடி கூடுதல் அகலமாகவே போடுகிறார்கள். மற்ற ஊர்களைவிட வரவேற்பு இரண்டு மணி நேரம் அதிகம் நடக்கும். களைத்தவர்கள் உட்காருவார்கள், உட்கார்ந்தவர்கள் எழுந்து ஆடுவார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் தெரியாமல் நடுவில் போய் நின்றால், உள்ளூர்க்காரர் யாராவது தோளைத் தொட்டு, "கொஞ்சம் தள்ளி ஆடுங்க, இங்கே ஆள் இருக்கு" என்பார்கள். அவர்களும் சரியென்று தள்ளி நின்று ஆடுவார்கள்.