விழுப்புரம் வந்தால் நின்றுவிடும் ஈஸ்ட்

திண்டிவனத்தில் மொட்டு விட்டுப் பெருகுகிற ஈஸ்ட், விழுப்புரம் வந்ததும் நின்றுவிடுகிறது. மூன்று வாரமாக இதே கூத்து. சூர்யகலாவின் ஆய்வகம் திண்டிவனத்தில். படமெடுக்கும் நுண்ணோக்கி விழுப்புரத்தில். பெருகுகிற செல்களின் படத்தை வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால், இரண்டு வருட வேலையை மூட்டை கட்டிவிட்டு வேறு தலைப்பு எடுக்கச் சொல்லிவிட்டார் ஆய்வு வழிகாட்டி. இன்று புதன்.

“இன்னா மேடம், இன்னிக்கும் ஸ்ட்ரைக்கா?” என்றார் நுண்ணோக்கி அறை உதவியாளர் கண்ணையன்.

“ஆமாண்ணே. ஒண்ணுகூட அசையல.”

திரையில் ஒவ்வொரு செல்லும் பெரிய மொட்டோடு, ஒட்டிப்போன இரட்டைக் கொழுக்கட்டையாக நின்றது. டிஎன்ஏவை நகலெடுக்கத் தொடங்காத செல்லின் தோற்றம் அது.

நகலெடுப்பு தானாகத் தொடங்காது. டிஎன்ஏவைச் சுற்றி ஒரு புரத வளையம் முன்கூட்டியே ஏறி உட்கார்ந்திருக்கும், கிளம்பாத பேருந்து மாதிரி. அதைக் கிளப்ப வேண்டியது சிடிசி-7 என்ற புரதம். அதுவோ தனியாக இருந்தால் சோம்பேறி; டிபிஎஃப்-4 என்ற கூட்டாளி வந்து பிடித்தால்தான் வேலையில் இறங்கும். சூர்யகலாவின் ஈஸ்ட்டில் அந்தப் பிடி கொஞ்சம் தளர்வானது. இருபத்தைந்து டிகிரியில் தாங்கும், முப்பத்தேழில் கழன்றுவிடும். அதற்காகவே ஆய்வகத்தில் ஏசியை அணைக்க யாரையும் விடமாட்டாள்.

தண்ணீரை மாற்றிப் பார்த்தாள், சர்க்கரையை மாற்றிப் பார்த்தாள். பயனில்லை.

“திண்டிவனத்துலேர்ந்து பஸ்ஸுல குலுங்கிக் குலுங்கிப் பேஜாராயிருக்கும்” என்றார் கண்ணையன்.

“அதெல்லாம் இல்லண்ணே. முன் சீட்டுதான் புடிப்பேன். டியூப் பைய இன்ஜின் பெட்டி மேல வெச்சு, அணைச்சுக்கினே வர்றேன்.”

கண்ணையன் பையிலிருந்த ஈஸ்ட் குழாயைத் தொட்டார். “அதான் டீ கிளாஸு கணக்கா கீது! தொட்டுக்க பன்னு வாங்கியாரட்டா?”

சூர்யகலா வெப்பமானியை விட்டுப் பார்த்தாள். முப்பத்தேழரை.

“அய்யோ! யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே.”

“சேச்சே. கேன்டீன்ல மட்டுந்தான் சொல்லுவேன்.”

குழாயை இருபத்தைந்து டிகிரித் தண்ணீரில் நிறுத்தினாள். செல்கள் சாகவில்லை, காத்திருந்தன, அவ்வளவுதான். பிடி மறுபடி இறுகியது. நகலெடுத்து, பிரிந்து, மதியத்துக்குள் புது மொட்டு விட்டன. ஆசை தீரப் படமெடுத்தாள்.

மறுநாள் குழாய்களை இருபத்தைந்து டிகிரித் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்கில் போட்டு மூடி, இன்ஜினிலிருந்து தள்ளி நடு இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். விழுப்புரத்தில் திறந்தபோது தண்ணீர் இருபத்தாறு டிகிரி. ஈஸ்ட் நிற்காமல் பெருகிக்கொண்டிருந்தது.