சிவப்புக் கோடு போட்ட கேள்வி

“அவருக்கு எல்லாமே தெரியுதும்மா. அதான் எனக்கும் புரியல,” என்றார் முபாரக்.

தஞ்சாவூர்ப் புறவழிச்சாலையில், சிங்கப்பூர்க் கட்டட வேலைக்கு ஆட்களைத் தயார் செய்து அனுப்பும் பயிற்சி நிலையம் அது. முபாரக் அங்கே பாதுகாப்புப் பாடம் நடத்துகிறவர். எல்சி குடவாசலிலிருந்து கும்பகோணம் வந்து, இன்னொரு பஸ் மாறி வந்திருந்தாள். அவள் கணவன் லூர்துராஜ் இரண்டாவது தடவையும் பரீட்சையில் தோற்றிருந்தான்.

“எல்லாம் தெரிஞ்சா எப்படிங்க சார் பெயிலு?”

“எழுத்துப் பரீட்சையில நாப்பதுக்கு முப்பத்தெட்டு. வாய்க்கேள்வியிலதான் கவுந்துடுறாரு. அஞ்சு கேள்விக்குச் சிவப்புக் கோடு போட்டிருக்கும். உசிரு போற சமாச்சாரம். அதுல ஒண்ணு தப்பாச் சொன்னாலும் பெயிலு. மத்ததுல நூறு வாங்கினாலும் செல்லாது.”

“இவரு எதைத் தப்பாச் சொன்னாரு?”

முபாரக் பாடப் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

“கூட வேலை செய்யிறவனைக் கரண்டு பிடிச்சுடுச்சு, முதல்ல என்ன செய்வே? தொடக்கூடாது. ஓடிப்போய் மெயினை அணைக்கணும். இவரு ரெண்டு தடவையும் ‘பிடிச்சு இழுப்பேன்’னு சொல்லியிருக்காரு. நம்ம ஊரு ஆளுங்க முதல் நாள் எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க. கிணத்துல ஒருத்தன் விழுந்தா நாலு பேரு குதிக்கிற ஊரு இது. ஒரு தடவை திருத்தினா சரியாயிடும். இவரு வகுப்புல சரியாச் சொல்றாரு, அதிகாரி முன்னால போய் உக்காந்ததும் மாத்திச் சொல்றாரு. வேணும்னே செய்யிறாரா?”

எல்சி புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காரணம் தெரியும்.

“வர்ற புதன்கிழமை மூணாவது தடவை. அதுதான் கடைசி. அதுலயும் போச்சுன்னா பேரை எடுத்துடுவாங்க. வயசு முப்பத்தொம்பது ஆயிடுச்சு. அடுத்த வருஷம் கேட்டா சேக்கவே மாட்டாங்க.”

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் வயல்கள் வெடித்துக் கிடந்தன. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். மேட்டூரைத் திறக்கவில்லை. குறுவை போனது, சம்பாவும் போனது. வீட்டில் விதைக்கு வைத்திருந்த நெல்லைப் போன மாதமே அவித்துக் குத்தியாயிற்று. அதற்குப் பிறகு லூர்துராஜுக்கு வயலில் செய்ய ஒன்றுமில்லை. ஊரில் வேறு வேலையும் இல்லை.

அன்று சாயங்காலம் கொல்லையில் உட்கார்ந்து, லூர்துராஜின் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எல்சி கேள்வி கேட்டாள். லூர்துராஜ் பதில் சொன்னான். மூன்று முழத் தூரத்தில் அவன் அம்மா செபஸ்தியம்மாள் கருவை முள்ளை அடுப்புக்கு ஒடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏணியை எப்படிச் சாத்தணும்?”

“நாலடி உசரத்துக்கு ஓரடி தள்ளி. மேல ஒருத்தன் ஏறினா கீழ ஒருத்தன் பிடிச்சுக்கணும்.”

“தலைக்கவசம் எத்தனை நாளைக்கு?”

“அதுக்குக் காலாவதித் தேதி போட்டிருக்கும். எனக்குத்தான் போடல.”

“கேலி வேணாம். எத்தனை அடிக்கு மேல போனா இடுப்புல பெல்ட்டு?”

சொன்னான். குழிக்குள் இறங்குவதற்கு முன் காற்றைச் சோதிப்பதைச் சொன்னான். பாரந்தூக்கிக்குக் கீழே நிற்கக்கூடாது என்றான். எல்சி பக்கத்தைத் திருப்பினாள். சிவப்புக் கோடு வந்தது.

“கூட வேலை செய்யிறவனைக் கரண்டு பிடிச்சுடுச்சு. முதல்ல என்ன செய்வீங்க?”

“பிடிச்சு இழுப்பேன்.”

“ஏங்க!”

“அங்க போய்ச் சரியாச் சொல்லிக்கிறேன் விடு.”

“அங்கதான் ரெண்டு தடவை சொல்லலையே. முபாரக் சாரு சொல்லிட்டாரு.”

முள் ஒடிக்கிற சத்தம் நின்றது.

“ஏ எல்சி, அவனைக் கஞ்சி குடிக்க வரச் சொல்லு,” என்றாள் செபஸ்தியம்மாள்.

பதினொரு வருஷமாக அவள் மகனிடம் நேராகப் பேசுவதில்லை. எதுவானாலும் எல்சி வழியாகத்தான். பதினொரு வருஷத்துக்கு முன்பு, மோட்டார் கொட்டகையில் அவள் சின்ன மகன் ரெமிஜியஸைக் கரண்டு பிடித்தது. ஸ்டார்ட்டர் பெட்டியிலேயே கை ஒட்டிக்கொண்டது. மெயின் அவன் உடம்புக்குப் பின்னால். லூர்துராஜ் தம்பியைத் தொடாமல் வாய்க்கால் கரைக்கு ஓடி, டிரான்ஸ்பார்மரின் கைப்பிடியை இழுத்துக் கரண்டை நிறுத்தினான். திரும்பி வந்தபோது தம்பி கீழே கிடந்தான். மூச்சு இல்லை. நடவு வயலில் நின்ற பெண்கள் பார்த்தது லூர்துராஜ் ஓடியதை மட்டும். தம்பி துடிக்கிறான், அண்ணன் ஓடுகிறான் என்று ஊரே சொன்னது. அடக்கம் முடிந்து கோயிலிலிருந்து வந்த செபஸ்தியம்மாளும் அதைத்தான் சொன்னாள். அதுதான் அவனிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு.

“ஏங்க, வெறும் வார்த்தைதானே? சொல்லிட்டு வந்துடக் கூடாதா?” எல்சி குரலைத் தணித்துக் கேட்டாள்.

“அன்னிக்குத் தம்பியைக் கையால விட்டேன். வாயாலயும் விடணுமா?”

“அப்ப நாங்க என்ன செய்யிறது? ரெண்டு புள்ளைங்க, நான், அத்தை. சொல்லுங்க, என்னத்தைத் திங்கிறது?”

“அந்த அதிகாரி ‘உன் கூட இருக்கிறவன்’னு கேக்கிறப்ப ரெமி மூஞ்சிதாண்டி வருது. அவன் என்னையே பாக்குறான். அவனைப் பாத்துக்கிட்டே ‘தொட மாட்டேன்’னு எப்படிச் சொல்லுவேன்?”

அவன் எழுந்து போய்விட்டான். எல்சி புத்தகத்தோடு மாமியாரிடம் போய் உட்கார்ந்தாள்.

“அத்தை, கேளுங்க. நான் படிக்கிறேன். ‘தொட்டால் தொட்டவரும் இறப்பார். உடனே மின்சாரத்தை நிறுத்துவதே சரி.’ அச்சுல போட்டிருக்கு. அவரு அன்னிக்குச் செஞ்சது சரி அத்தை.”

“அச்சுல போட்டவன் புள்ளையைப் பெத்தானா?”

“தொட்டிருந்தா ரெண்டு பேரையும் ஒரே பொட்டியில வச்சிருப்பீங்க.”

“வச்சிருந்தா வச்சிருக்கேன். அண்ணன் கூடவே போனான்னு இருந்திருக்கும். போடி, அடுப்பு எரியல.”

“எரியாது அத்தை. நாளைக்கும் எரியாது. ஒருத்தரு மோட்டார் கொட்டகையில செத்தாரு. இன்னொருத்தரை அங்கேயே நிக்க வச்சிருக்கீங்க, பதினோரு வருஷமா. அவரு பெயிலாப் போறது உங்களாலதான்.”

செபஸ்தியம்மாள் கையிலிருந்த முள்ளை எறிந்தாள். எல்சி மேல் படவில்லை. இரண்டு பேரும் அன்று சாப்பிடவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் லூர்துராஜ் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். முதல் பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. செபஸ்தியம்மாள் உள்ளே வந்து மகனுக்கு எதிரே நின்றாள்.

“லூர்து.”

அவன் கை பொத்தானிலேயே நின்றது.

“உன் தம்பியைக் கரண்டு பிடிச்சுடுச்சு. நீ என்ன செய்வே?”

“அம்மா...”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“பிடிச்சு இழுப்பேம்மா.”

“பொய்யி. நீ இழுக்கல. என்ன செஞ்சே?”

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். “ஓடினேன்.”

“எங்க?”

“டிரான்ஸ்பார்மருக்கு.”

“அதைப் போய்ச் சொல்லு. நடந்ததைச் சொல்லு. மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காதே, எனக்கு அது வரல. ஆனா உன் புள்ளைங்க முகத்தை என்னால பாக்க முடியல. போ.”

“அத்தை, கொஞ்சம் தண்ணி குடிங்க,” என்றாள் எல்சி.

“எனக்கு எதுக்குடி தண்ணி? அவனுக்குக் கொடு. வேர்த்துக் கொட்டுது பாரு.”

பயிற்சி நிலையத்தில் எல்சி வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். உள்ளே, சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த தமிழ் அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். லூர்துராஜின் முறை வந்ததும் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“மூணாவது தடவையா?”

“ஆமாங்க.”

நான்கு சிவப்புக் கேள்விகளுக்கு அவன் சரியாகச் சொன்னான். ஐந்தாவது வந்தது.

“தொட மாட்டேன்,” என்றான்.

“ம். அப்புறம்?”

“ஓடுவேங்க. மெயின் அவனுக்குப் பின்னால மாட்டிக்கிட்டிருக்கு. அதனால வாய்க்கால் கரைக்கு ஓடுவேன். நடவு பொம்பளைங்க ‘எங்கடா ஓடுறே’ன்னு கத்துவாங்க. நிக்க மாட்டேன்.”

“சைட்டுல வாய்க்கால் ஏதுங்க?” அதிகாரி சிரித்தார். லூர்துராஜின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“கைப்பிடியை இழுத்துக் கரண்டை நிறுத்துவேன். திரும்பி ஓடி வருவேன்.”

“வந்து?”

“மூச்சு இருக்கான்னு பாப்பேன். இருக்காதுங்க.”

“இல்லாட்டி என்ன செய்யணும்? புத்தகத்துல அடுத்த பக்கத்துல இருக்கே.”

“நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு அழுத்தணும். டாக்டரு வர்ற வரைக்கும் விடாம அழுத்தணும்.”

“சரி. அவ்வளவுதான்.” அதிகாரி பேனாவை எடுத்துத் தாளில் குறித்தார். “இதை ரெண்டு தடவை ஏன் சொல்லாம விட்டீங்க?”

“சார், ஒண்ணு கேக்கலாமா? எவ்வளவு நேரத்துக்குள்ள அழுத்தினா உசிரு திரும்பும்?”

“நாலஞ்சு நிமிஷத்துக்குள்ளன்னா வாய்ப்பு இருக்கு. எல்லாருக்கும் வராது. ஏன்?”

“வாய்க்கால் கரைக்குப் போக ஒரு நிமிஷம். வர ஒரு நிமிஷங்க. நான் வந்து பாத்தப்ப உடம்பு சூடா இருந்துச்சு. மடியில போட்டுக்கிட்டுக் கத்திக்கிட்டே உக்காந்திருந்தேன். வேற ஒண்ணும் தெரியாதுங்க எனக்கு.”

அதிகாரி தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு அவன் பக்கம் தள்ளினார்.

“நீங்க பாஸுங்க. வெளியில முபாரக்கைப் பாருங்க. போற தேதியைச் சொல்லுவாரு.”

மரத்தடியிலிருந்து எல்சி ஓடி வந்தாள்.

“என்னங்க? என்னாச்சு?”

“பாஸு.”

“மாதாவே!” அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே கேட்டாள்: “அந்தக் கேள்வியுமா?”

“அதுவும்தான்.”

“அத்தைக்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் நடுவுல வரமாட்டேன்.”

“சரி.” அவன் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தான். “அன்னிக்கு அம்மாவுக்கு இதைப் படிச்சுக் காட்டுனியே, எதுவரைக்கும் படிச்சே?”

“கரண்டை நிறுத்தணுங்கிற வரைக்கும்.”

“அடுத்த பக்கம்?”

“இல்லையே. அதுல என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல. வா, பஸ்ஸு போயிடும்.”

புத்தகத்தை அவன் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. முபாரக்கின் மேசையிலேயே, அடுத்து யாராவது படிக்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டு வந்தான்.