கம்பத்தில் ஏறிய பை

ஜூன் பிறந்துவிட்டால் லிண்டே தெருவில் யாரும் யாரிடமும் ரிசல்ட் என்ன என்று கேட்பதில்லை. அண்ணாந்து பார்ப்பார்கள். பள்ளி இறுதித் தேர்வில் பாஸான பிள்ளையின் வீட்டில் கொடி ஏறும். கொடியோடு சேர்ந்து, அந்தப் பிள்ளை இத்தனை வருஷம் சுமந்த புத்தகப் பையும் தொங்கும். ஃபெயிலான வீட்டைக் கடக்கும்போது சைக்கிளில் போகிறவர்கள் மணியடிக்காமல் போவார்கள். துக்க வீட்டுக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைப்பதில்லை.

போன ஜூனில் கோஸ்ஸே வீட்டு வாசலில் மணிச் சத்தமே இல்லை. மகன் ஹிட்டே ஃபெயிலாகி, அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார்ந்தான். இதற்குள் ஒரு வயது இளையவளான தங்கை ரின்ஸ்கே நடந்து வந்து அவனை எட்டிப் பிடித்துவிட்டாள். இந்த வருஷம் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ரிசல்ட்.

ஃபெயிலானவனுக்கு அறிவுரை சொல்ல ஊரில் எந்தத் தகுதியும் தேவையில்லை. அடுத்த வீட்டு ஆல்ட்யே அம்மா புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கச் சொன்னாள். ரொட்டிக் கடைக்காரர் மீன் சாப்பிடச் சொன்னார். மீன் கடைக்காரரும் அதையே சொன்னார். அவர் சொன்னதிலாவது ஒரு நியாயம் இருந்தது. அப்பா கோஸ்ஸே சொன்னது ஒன்றுதான்: உட்கார்ந்து படி. ஹிட்டே உட்கார்ந்தான். மிகச் சிறப்பாக உட்கார்ந்தான். கணக்கு நோட்டை நான்கு நிறங்களில் எழுதி, கோடு போட்டு, பெட்டி கட்டி, கண்காட்சியில் வைக்கிற மாதிரி செய்திருந்தான். அதில் இருந்த எதுவும் அவன் தலையில் இல்லை என்பதைத் தவிர, அந்த நோட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கால்வாயில் படகு வந்தால் பாலத்தைத் தூக்குவதும், படகு போனதும் இறக்குவதும் கோஸ்ஸேயின் உத்தியோகம். தான் தூக்கிய எதுவும் இறங்காமல் நின்றதில்லை என்பது அவருக்குப் பெருமை. தோட்டத்தில் அவர் நட்டிருந்த கொடிக்கம்பம் தெருவிலேயே உயரமானது. காற்றில் சாயக் கூடாது என்று அடியில் காங்கிரீட் போட்டிருந்தார். ஏப்ரல் தோறும் அதற்கு வெள்ளை பெயிண்ட் அடிப்பார். போன வருஷமும் அடித்தார்.

ரிசல்ட் நாளில் பள்ளியிலிருந்து போன் வரும். கெட்ட செய்தி முன்னால், நல்ல செய்தி பின்னால்; பன்னிரண்டு மணி வரை போன் அடிக்காவிட்டால் தப்பித்தோம் என்று அர்த்தம். கோஸ்ஸே விடுப்புப் போட்டுவிட்டு, இரண்டு பைகளையும் காலையிலேயே கொடிக்குக் கீழே கயிற்றில் கட்டித் தயாராக வைத்திருந்தார். பன்னிரண்டு அடித்தது. யாருக்கும் போன் வரவில்லை. சற்று நேரத்தில் ரின்ஸ்கேக்கு அவள் பிரிவின் வகுப்பாசிரியர் போன் செய்தார். பாஸ், கணக்கில் பத்துக்கு எட்டு. அவள் சொல்லி முடிப்பதற்குள் கோஸ்ஸே கயிற்றை இழுக்க ஆரம்பித்துவிட்டார்.

இன்னும் தனக்கு வரவில்லை என்று ஹிட்டே சொல்லித்தான் பார்த்தான்.

"பன்னெண்டு தாண்டிருச்சுடா. இனிமே வர்றதெல்லாம் நல்ல சேதிதான்" என்று அப்பா இழுத்தார்.

பைகள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தன. கொடி விரிந்தது. அப்போது வானத்திலிருந்து போன் அடித்தது.

ஹிட்டேயின் போன் பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் இருந்தது. காலையில் பயத்தில் அவனே அதற்குள் போட்டு ஜிப்பை மூடியிருந்தான். மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். மணி நின்றது, மறுபடி அடித்தது. கோஸ்ஸே பதறிப்போய்க் கயிற்றை எதிர்ப்பக்கம் வெடுக்கென்று இழுத்தார். உச்சியில் ஏதோ 'டக்' என்றது. கப்பியிலிருந்து கயிறு விலகி இடுக்கில் மாட்டிக்கொண்டது. அதற்கப்புறம் இந்தப் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. ஏணி பாதிக் கம்பம் வரைதான் எட்டியது. பெயிண்ட் வழுவழுவென்று மிகத் தரமாக இருந்ததால் ஏறவும் முடியவில்லை.

சிறிது நேரத்தில் ஹிட்டேயின் வகுப்பாசிரியை போஸ்மா மிஸ் சைக்கிளில் தெருமுனைக்கு வந்தார். கம்பத்தைப் பார்த்தார். சைக்கிளிலிருந்து இறங்கி, மீதித் தூரத்தைத் தள்ளிக்கொண்டே வந்தார். முதலில் போன் செய்த வீட்டில் ஒரு தாய் அழுது போனை வைக்கவே விடாததால் தாமதமாகிவிட்டதாம். மற்ற எல்லாப் பாடமும் தேறிவிட்டது, கணக்கில் மட்டும் நாலு. நாலை வைத்துக்கொண்டு பாஸ் போட முடியாது. ஒரே ஒரு பாடத்தை மறுபடி எழுதலாம். அடுத்த வாரக் கடைசியில் தேர்வு.

"படிக்கிறதுக்கு நோட்டெல்லாம் வெச்சிருக்கல்ல?" என்றார் மிஸ்.

ஹிட்டே மேலே கையைக் காட்டினான்.

ரின்ஸ்கேயின் நோட்டு? அதுவும் மேலே. பாஸான நண்பர்களின் நோட்டுகள் அவரவர் கம்பத்தில். மிஸ் சைக்கிள் கூடையைத் துழாவிப் பழைய வினாத்தாள்கள் சிலவற்றை எடுத்துக் கொடுத்தார். விடைகள் அவரிடமும் இல்லை.

சாயங்காலம் அம்மா லாம்கே மருத்துவமனை வேலை முடிந்து திரும்பினாள். கம்பத்தில் இரண்டு பைகளைத் தெருவிலிருந்தே பார்த்தவள், வாசலில் நின்றபடி அழ ஆரம்பித்தாள். ஓடி வந்து ஹிட்டேயைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாக அப்பா, இப்போது சொல்ல வேண்டாம் என்று சைகை காட்டினார். ஹிட்டேக்கும் வேண்டாம் என்றுதான் இருந்தது. ஆனால் அம்மா இறுக்கிக்கொண்டே போனாள்.

"அம்மா, நான் பாஸாகலம்மா. என் பை மட்டும்தான் பாஸாகிருக்கு."

அம்மா கையை எடுக்கவில்லை. அணைத்தபடியே, அப்படியானால் அதை ஏன் அங்கே கட்டினீர்கள் என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். பாலம் தூக்குகிறவர் தோட்டத்துக்குப் போய்க் கயிற்றை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா ஒரு யோசனை சொன்னார். எப்படியும் பை இறங்காது. தெருவுக்கு ஒன்றும் தெரியாது. தேர்வு முடிந்து, முடிவும் வரட்டும். அதுவரை யார் வாழ்த்தினாலும் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னால் போதும்.

"ஃபெயிலானா என்னப்பா பண்றது? பையைப் பாக்குறவன்கிட்டல்லாம் காலம் பூரா நன்றி சொல்லிட்டே திரியணுமா?" என்றான் ஹிட்டே.

அடுத்த நாள் காலையில், வாழ்த்துச் சொல்ல வந்த ஒவ்வொருவரிடமும் அவன் விஷயத்தைச் சொன்னான். ரொட்டிக் கடைக்காரர் கையைக் குலுக்க நீட்டி, பாதியில் எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்கையைச் சொறிந்துகொண்டார். ஆல்ட்யே அம்மா மேலே ரோஸ் நிறப் பாகு பூசிய கேக்கோடு வந்தாள். அவன் அதைத் திருப்பித் தந்தான். பாஸானதும் கொண்டு வாருங்கள் என்றான்.

"கேக்குக்குத் தெரியுமாடா நீ பாஸா ஃபெயிலான்னு? பிடி." பிறகு கம்பத்தை அண்ணாந்து பார்த்து, "அது சரி கோஸ்ஸே, பொழுது சாஞ்சா கொடியை இறக்கணும். இல்லேன்னா விளக்குப் போடணும். சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

அரசாங்க ஊழியரான கோஸ்ஸே பாலத்தில் உபரியாகக் கிடந்த விளக்கைக் கொண்டுவந்து கம்பத்தின் மேல் வெளிச்சம் பாய்ச்சினார். அன்றிலிருந்து, ஹிட்டே பாஸாகவில்லை என்ற செய்தி ராத்திரியிலும் ஊருக்குத் தெரிந்தது.

ஹிட்டே கம்பத்தடியில் புல்லில் மல்லாந்து படுத்தான். அந்தப் பைக்குள் என்ன இருந்தது என்று யோசித்தான். பச்சை மையில் ஒரு பெட்டி கட்டியிருந்தோமே, அதற்குள் என்ன? பெட்டி நினைவுக்கு வந்தது. பச்சையும் வந்தது. உள்ளே இருந்தது வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, வராததைப் பழைய வினாத்தாளில் முட்டி மோதித் தானே கண்டுபிடித்தான். வெறும் பென்சிலால், நிறமும் பெட்டியும் இல்லாமல், அசிங்கமாக எழுதினான். ரின்ஸ்கே கேக்கோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். சரியாகப் போனால் மென்றுகொண்டிருப்பாள்; தப்பு வந்தால் மெல்லுவதை நிறுத்துவாள். முதல் நாள் அவளால் ஒரு துண்டைக்கூட முடிக்க முடியவில்லை. அந்த வாரக் கடைசியில் ஆல்ட்யே அம்மா இரண்டாவது கேக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

தேர்வுக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது ஆல்ட்யேயின் மகன் மென்னோ ஒரு தீவில் வேலை முடித்துத் திரும்பினான். மரக்கிளை வெட்டுகிறவன், ஆளைக் கூடையில் வைத்து மேலே தூக்கும் வண்டி அவனிடம் இருந்தது. வண்டியைத் தோட்டத்தருகே நிறுத்திவிட்டு, ஐந்தே நிமிஷம், நோட்டு உன் கையில் என்றான். கோஸ்ஸேக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

ஹிட்டே புல்லில் கிடந்த தன் அசிங்கமான தாள்களைப் பார்த்தான். மழையில் ஊறித் தொங்கும் பையையும் பார்த்தான்.

"வேண்டாம் மென்னோ. இருக்கட்டும்."

"ஏன்டா?"

"பாஸானா நானே ஏறி இறக்குறேன்."

"என் பையும் அங்கதான்டா இருக்கு, பெரிய மனுஷா" என்றாள் ரின்ஸ்கே. "பால் டப்பா ஒண்ணு உள்ள இருக்கு. நீ ஃபெயிலானா அடுத்த ஜூன் வரைக்கும் அந்தப் பாலோட கதி?"

ஆனாலும் மென்னோவின் வண்டியைப் போகச் சொன்னவள் அவள்தான்.

இரண்டாவது ரிசல்ட் நாளில் தெருவில் இருந்தவர்கள் எல்லோருக்கும் திடீரென்று வேலிக்குப் பக்கத்தில் வேலை வந்துவிட்டது. ரொட்டிக் கடைக்காரர் இல்லாத களையைப் பிடுங்கினார். போஸ்மா மிஸ் இந்த முறை போன் செய்யவில்லை. தெருமுனையில் திரும்பியதிலிருந்தே சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வந்தார். தெரு முழுக்க நிறுத்தவே இல்லை. கணக்கில் ஆறு.

ஆறுதான். எட்டு வாங்கியவள் அண்ணனின் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள். அது அவள் தன் எட்டுக்குக்கூடச் செய்யாதது. அம்மா மறுபடி வாசலில் நின்று அழுதாள். இந்த முறை யாரும் சைகை காட்டவில்லை.

மென்னோவின் கூடையில் ஹிட்டே மேலே போனான். கயிற்றை இடுக்கிலிருந்து விடுவித்து, பைகளை இறக்கினான். பை இறங்கியதற்குக் கைதட்டிய தெரு அந்த நாட்டிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். கீழே வந்து திறந்து பார்த்தார்கள். போன் செத்திருந்தது. பாலைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. நான்கு நிற நோட்டு ஒரே நிறமாகி, களியாகிக் கிடந்தது. ஹிட்டே அதைப் பிழிந்து தண்ணீரை வடித்துவிட்டு, பைக்குள்ளேயே திரும்பப் போட்டு மூடினான்.

"போன தடவை ஏத்துனது செல்லாதுல்ல?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார். கை பழக்கத்தில் கயிற்றை நோக்கிப் போனது.

"விடுங்கப்பா. இது என் பை."

கோஸ்ஸே தள்ளி நின்றார். ஹிட்டே நின்று நிதானமாக இழுத்தான். கொடி ஏறியது, அதன் கீழே ஈரப் பை சொட்டிக்கொண்டே ஏறியது. தெருவே அண்ணாந்து பார்த்தது. உச்சியில் ஏதோ 'டக்' என்றது.

ஹிட்டே கயிற்றை இழுத்துப் பார்த்தான். இந்தப் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. மென்னோ வண்டிச் சாவியை எடுத்தான்.

"இருக்கட்டும்" என்றார் கோஸ்ஸே. வீட்டுக்குள் போய் அந்த விளக்கை எடுத்து வந்தார்.